சாவிக்கொத்து

வலிப்பு நோய் விழிப்புணர்வு நடைப்பயணத்தில் அமலி தம்பி இன்னாசியின் படத்தை ஏந்தி நடந்தாள். அவளைப் போலவே அவனுக்கும் அதே நோய்தான். காதுக்குப் பின்னால் வலிப்பை அடக்கும் சில்லு பொருத்த அவன் முறை வருவதற்குள், போன மாதம் ஒரு வலிப்பிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

சில்லு வைத்த நாளிலிருந்து அமலிக்கு வலிப்பே இல்லை. மூளையில் எது பொங்கினாலும் அது அடக்கிவிடும். வலிப்பு எது, துக்கம் எது என்று அந்தச் சனியனுக்குத் தெரியாது. தம்பியைக் குழியில் இறக்கியபோதுகூட அவள் கண் நனையவில்லை.

"என்ன தைரியமான பொண்ணு!" என்றாள் தண்ணீர் கொடுத்தவள்.

அமலி நின்று, கூட நடந்து வந்த அம்மாவிடம் திரும்பினாள். "எம்மா, சாவிக்கொத்து வச்சிருக்கியா?"

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கம் அம்மாவுக்கு. அதனால் ஒரு பயனுமில்லை என்று டாக்டர் சொல்லியும் சாவிக்கொத்து அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. "இப்ப எதுக்குட்டி?"

"சில்லக் கொஞ்ச நேரம் நிப்பாட்டப் போறேன். தம்பிக்கு ஒரு தடவ அழணும்மா."

"ஒருத்தனத் தூக்கிக் குடுத்தது போதாதாட்டி?"

அமலி படத்தையே பார்த்தபடி காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள்.

அம்மா நடுரோட்டில் உட்கார்ந்தாள். மகளின் தலையை மடியில் சாய்த்து, சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அழுட்டி," என்றாள்.