மேசைக்கடியில் ஒரு பூட்ஸ்
அமெரிக்காவின் டல்சா நகரில், 'கன்ட்ரி' எனும் நாட்டுப்புறப் பாணிப் பாடல்களை ஒலிபரப்பும் வானொலி நிலையத்தில், வெயில் மேசைமேல் சரிந்து கிடக்கிறது. எந்தப் பாட்டு ஒலிபரப்பாகும் என்று முடிவு செய்கிற ராண்டல், புதுப் பாடகி கார்லீன் வாங்கிவந்த சுட்ட இறைச்சியைத் தொடாமல் பொரிந்து தள்ளுகிறார். "இப்ப வர்றதெல்லாம் பாட்டாம்மா? பிக்கப் வண்டி, பீரு, மறுபடியும் பிக்கப் வண்டி! கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நீயாவது உண்மையா ஒண்ணு பாடு." அப்பாவை அடக்கம் செய்த வாரம் எழுதிய பாட்டைக் கார்லீன் கிதார் மீட்டிப் பாடுகிறாள். அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை. மேசைக்கடியில் அசையாமலிருக்கும் அவர் பூட்ஸில் இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் அது மெல்லத் தாளம் போடுகிறது. கிதார் அடங்கியதும் ராண்டல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். "எங்கப்பாவைக் கண்ணு முன்னாடி நிறுத்திட்டியேம்மா." மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். "சரி, பிக்கப் வண்டி வர்ற மாதிரி ஏதாச்சும் வெச்சிருக்கியா?"