நான்காவது மார்க்கண்டு

"எங்கடை அப்பாவுக்கு எத்தினை பெண்சாதி, தங்கச்சி?"

வினோஜா கைப்பேசியை அலுவலக மேசையில் வைத்த வேகத்தில் நிரோஜினியின் தேநீர் சிந்தியது. கோப்பாயிலிருந்து தாயையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். தாய் பத்மாவதி கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நிரோஜினி வேலை பார்ப்பது ஒரு மரண அறிவித்தல் இணையத்தளத்தில். நாற்பதாயிரம் அறிவித்தல்கள். ஒன்றில் வரும் காலஞ்சென்ற உறவினரின் பெயரை அழுத்தினால், அவருடைய அறிவித்தல் திறக்கும்.

"போன கிழமை செத்த சுன்னாகத்துப் பராசக்தியாம். 'காலஞ்சென்ற மார்க்கண்டுவின் அன்பு மனைவி' எண்டு கிடக்கு. மார்க்கண்டுவை அமத்தினா எங்கடை அப்பாவின்ரை படம் வருது! லண்டன் சனமெல்லாம் கோல் எடுத்து விசாரிக்குது. அம்மா ஒரு கிழமையாச் சாப்பிடேல்லை."

நிரோஜினி கணினியில் இணைப்புகளின் பட்டியலைத் திறந்தாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. லிங்க் எல்லாத்தையும் ஒரே சீராக்கச் சனிக்கிழமை ஒரு புரோகிராம் ஓடவிட்டனான். அது ஊரிலை உள்ள மார்க்கண்டு எல்லாரையும் உங்கடை அப்பாவோடை கட்டிப்போட்டுது."

புரோகிராம் போட்ட இணைப்புகளை ஒரேயடியாக அழித்தாள். அரியாலை மார்க்கண்டு கழன்றார். கரவெட்டியாரும் மானிப்பாயாரும் கழன்றார்கள்.

"இனி அமத்திப் பாருங்கோ."

வினோஜா பராசக்தியின் மார்க்கண்டுவை அழுத்தினாள். மறுபடியும் அப்பாதான் சிரித்தார்.

"உதென்ன விளையாட்டு?"

நிரோஜினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் போய்விட்டது, இது மட்டும் எப்படி நிற்கிறது? அந்த இணைப்பின் குறிப்பைத் திறந்தாள்.

"அக்கா, இது புரோகிராம் போட்டதில்லை. அதுக்கு முதலே இஞ்சை என்னோடை வேலை செய்யிற லெனாட் அண்ணை கையாலை போட்டிருக்கிறார். குடும்பத்திலை ஆரோ கோல் எடுத்துக் கேட்டிருக்கினம். நம்பரும் கிடக்கு."

"சுன்னாகத்து ஆக்களாத்தான் இருக்கும்! எடுங்கோ, இப்பவே கிழிக்கிறன்."

"பிள்ளை, வா போவம்," என்றார் பத்மாவதி.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா."

நிரோஜினி அலுவலகத் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தினாள்.

பத்மாவதியின் மடியிலிருந்த கைப்பைக்குள் மணி அடித்தது.

அவர் அதை எடுக்கவில்லை. "கழட்டிப்போடாதை பிள்ளை," என்றார் நிரோஜினியிடம். "அவர் உயிரோடை இருக்கேக்கை பராசக்தியிட்டைப் போக நான் ஒரு நாளும் விடேல்லை. இப்பவாவது அவவுக்கும் புருஷன் இருக்கட்டும்."