வெளிச்சமான பப் வேண்டும்

"வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்ட்டிக்கு நல்ல பப் ஒண்ணு பாரு. சத்தம் எவ்வளவு வேணா இருக்கட்டும். ஆனா வெளிச்சம் இருக்கணும்" என்றார் மேனேஜர்.

நான் நோட்டில் 'வெளிச்சம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்பது இந்த வாரம் தெரிந்துவிடும். அதனால் அவர் எது சொன்னாலும் அடிக்கோடுதான்.

"பப்ல சமையலை சீக்கிரம் மூடிடுவாங்க. லேட்டா சாப்பிட வேற இடம் வேணும். அங்கேயும் வெளிச்சம். ரெண்டுக்கும் நடுவுல நடக்கிற தெருவுலயும் விளக்கு எரியணும்."

"தெருவுலயுமா சார்?"

"நடந்துகிட்டே பேசமாட்டோமா?"

பக்கத்து சீட்டுக்காரன் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"பப்ல போய் எவனாவது வெளிச்சம் தேடுவானா? யாரு எத்தனை கிளாஸ் உள்ள தள்றான்னு எண்ணப்போறாருடா. நமக்கு அதுதான் கடைசிப் பரீட்சை."

"நான் குடிக்கவே மாட்டேனே."

"அதையும் எழுதிக்குவாரு. கூட்டத்தோட ஒட்டமாட்டான்னு."

அன்றோடு என் தூக்கம் போயிற்று.

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். பப் படி ஏறியதிலும் முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

முதல் பப்பில் மெனுவை செல்போன் டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது. இரண்டாவதில் எல்லார் முகமும் சிவப்பு. மூன்றாவதில் பளிச்சென்று இருந்தது. நிம்மதியாக சோடா சொன்னேன்.

"ராத்திரியும் இப்படித்தான் இருக்குமா?"

"எட்டு மணிக்கு அணைச்சிடுவோம் சார். அப்புறம்தானே கூட்டமே வரும்."

நான்காவது பப்பில் இருந்தபோது அப்பா போன் செய்தார்.

"என்னப்பா, ஒரே சத்தமா இருக்கு?"

"வேலை விஷயமா வெளியில வந்தேன்ப்பா."

"வேலையில பாட்டெல்லாம் போடுவாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "பப்ல இருக்கேன்ப்பா. குடிக்கல. வெளிச்சம் எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்."



"வெளிச்சம் பார்க்க" என்றார் அப்பா. "எனக்கு உன் வயசுல இப்படி ஒரு காரணம் தோணலையே."

ஐந்தாவதுதான் கிடைத்தது. நெஞ்சு அதிர்கிற பாட்டு. ஆனால் பில்லியர்ட்ஸ் விளையாடுகிறவர்களுக்காக விளக்கை அணைப்பதே இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, நர்சுகளும் ஆம்புலன்ஸ் டிரைவர்களும் வருகிற ஒரு கடை. ராத்திரி மூன்று மணி வரைக்கும் சூப், ஆம்லெட், ரொட்டி. டியூப்லைட் போட்டு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன்.

"மொத்தம் பதினாலு சார். ஒண்ணு எரியல."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சார்."

"அப்ப வலது பக்கமா நடக்கலாம்" என்றார் மேனேஜர், சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று மேனேஜரே சொன்னார். வட்ட மேசை. எனக்கு ஒரு பக்கம் பக்கத்து சீட்டுக்காரன். மறுபக்கம், மேல்மாடியில் இருக்கும் டெஸ்டிங் அக்கா. நான் எழுதும் புரோகிராமில் தவறுகளைக் கண்டுபிடித்து மெசேஜில் வரிசையாக அனுப்புவார், மற்றபடி பழக்கமில்லை. ஒருமுறை மாடிப்படியில் பின்னாலிருந்து வணக்கம் சொன்னேன். திரும்பாமல் போய்விட்டார். மண்டைக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. "இன்னொரு சோடா சொல்லவா?" என்று பக்கத்து சீட்டுக்காரன் கத்தினான். "ஆமா, ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான்" என்று நான் கத்தினேன்.

எதிரே மேனேஜர், எங்கள் டிபார்ட்மென்ட் பெரிய மேடத்திடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நடுவில் என்னைக் காட்டினார். என் கையிலிருந்த சோடாவைப் பார்த்தார். மேடம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

எண்ணிவிட்டார். கூட்டத்தோடு ஒட்டாதவன்.

"என்னடா சொல்றாரு?"

"ஆங்?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

டெஸ்டிங் அக்கா என் முழங்கையைத் தட்டினார். செல்போனில் ஏதோ அடித்து என் பக்கம் நகர்த்தினார்.

'பயப்படாதே. உன்னை நிரந்தரம் பண்ணியாச்சாம், கையெழுத்தும் போட்டாச்சாம். உன் பக்கத்துல இருக்கிற தம்பிக்கும்தான். தெருவிளக்கை எல்லாம் நீ எண்ணிட்டு வந்ததா சொல்றார், மேடம் நம்பமாட்டேங்கிறாங்க.'

போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜரைப் பார்த்தேன். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நானும் அக்காவின் செல்போனில் அடித்தேன்:

'இந்தச் சத்தத்துல உங்களுக்கு மட்டும் எப்படிக்கா கேட்டுச்சு?'

அவர் சிரித்தார். நிதானமாக அடித்து, திருப்பிக் காட்டினார்.

'கேக்கல தம்பி. எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேக்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவேன். இருட்டுல பொம்மை மாதிரி உட்காரணும்னு மூணு வருஷமா எந்தப் பார்ட்டிக்கும் வந்ததில்லை. இந்தத் தடவை சார் மாடி ஏறி வந்து சொன்னார், "நீங்க வாங்க, வெளிச்சம் பார்க்க ஒரு பையனை அனுப்பியிருக்கேன்"னு.'