என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள்

அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் நான் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் சிரித்துவிட்டாள்.

புன்சிரிப்பு என்றால் விட்டிருப்பேன். வாயைப் பொத்தியும் அடங்காமல் தோள் குலுங்க ஒரு சிரிப்பு. அதுவும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு.

என் அம்மா வளர்த்த பெண் அவள். அக்காவும் அத்தானும் காலையில் வேலைக்கு ஓடிவிடுவார்கள். இவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் கூட்டிப் போனது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தது எல்லாம் பாட்டிதான். இவள் சிரிக்கலாமா?

பேச்சும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை செய்தது, அங்கே மெஷின் போடும் சத்தத்தில் காது மந்தமானது, ஊர்த் துணியெல்லாம் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எங்கள் சட்டையைத் துவைத்தது என்று வரிசையாகச் சொல்லி வந்தேன். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கே என் பேச்சில் ஒரு மயக்கம் வந்துவிட்டது.

பேசுவதுதான் என் தொழில். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்கள் கொட்டாவி விடுவார்கள். வீட்டில் நான் தொண்டையைக் கனைத்தாலே மனைவிக்கு அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிடும். அம்மா ஒருத்திதான் அசையாமல் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்குப் போவேன். அம்மா எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எப்படி நடக்க வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும், பேத்தியை எப்படிப் படிக்க வைக்க வேண்டும் என்று ஆரம்பிப்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அதைத்தான் கடைசியாகச் சொன்னேன்.

"நான் வாங்கிக் குடுத்த காது மெஷின மாட்டிக்கிட்டு, நான் சொல்ற ஒரு வார்த்தைகூட விடாம கேட்டாங்க எங்கம்மா."

அப்போதுதான் அக்கா மகள் சிரித்தாள்.

கூட்டம் கலைந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நேராகப் போய் நின்றேன். பாட்டி போனது உனக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. மன்னிச்சிடுங்க மாமா என்றாள். நான் விட்டேனா? சபையில் அசிங்கப்படுத்திவிட்டாய், காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"வாசல்ல உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் பாட்டி அந்த மெஷினக் கழட்டி எங்கிட்ட குடுத்துடுவாங்க மாமா. நீங்க கிளம்பினப்புறம்தான் திரும்ப மாட்டிக்குவாங்க."

அவள் அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாடிப்படி ஏறாதே என்று நான் மணிக்கணக்கில் விளக்கிய பிறகும் அம்மா ஏன் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது விளங்கியது. மூச்சுப் பயிற்சி, உப்பைக் குறைப்பது, வாழ்க்கையில் நிதானம்... எல்லாம் சுவரோடுதான் பேசியிருக்கிறேன். அதுவும் ஏற்ற இறக்கத்தோடு, கையை ஆட்டி ஆட்டி.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். தன் அம்மாவுக்குத் தெரியும் என்றாள். அப்பாவுக்கும் தெரியுமாம். அதனால்தான் நான் பேசும்போதெல்லாம் அத்தான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாராம்.

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெற்ற தாய்க்கே தாங்க முடியாத அறுவையா நான்?

"பிடிக்கலன்னா தூங்குற மாதிரி படுத்திருக்கலாமே. எதுக்கு எதிர்லயே உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க?" குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் இதையேதான் கேட்டேன் மாமா. பாட்டி சொன்னாங்க, 'அவன் பேசுறது காதுல விழுந்தா எனக்குப் பதில் சொல்லாம இருக்க முடியாதுடி. உங்க தாத்தா அப்படி எதுத்துப் பேசித்தான் அவன் ரோஷப்பட்டு வீட்ட விட்டுப் போனான். அவர் சாகுற வரைக்கும் வாசப்படி மிதிக்கல. எனக்கு அவன் என்ன பேசுறான்னு கேக்கலன்னாலும் பரவால்ல. வாரம் ஒரு தடவ அவன் மொகத்தப் பாக்கணும்.'"