எதிர்வீட்டு ஜன்னல் போட்ட அட்டை

என் துப்பறியும் நாவல்களை நானே எழுதி, நானே அச்சுக்குக் கொடுத்து, அட்டையையும் கம்ப்யூட்டரில் நானே செய்கிறேன். கடைசி நாவலின் அட்டைக்குக் கொலைகாரன் எட்டிப்பார்க்க ஒரு ஜன்னல் தேவைப்பட்டது. எதிர்வீட்டு வக்கீலின் ஜன்னலைப் படம் எடுத்துப் போட்டேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது; அதனால் அனுமதி கேட்கவில்லை.

அட்டையைப் பார்த்துவிட்டு வக்கீல் தெருவில் நின்று கத்தினார். “யோவ் கிழவா! மரியாதையா என் ஜன்னலை எடுத்துடு. இல்லேன்னா கோர்ட்டுக்கு இழுப்பேன்!”

“எடுத்துட்டா போச்சு,” என்றேன்.

மாலையே எடுத்தேன். படத்தில் பக்கத்துச் சுவரை ஒரு துண்டு நகலெடுத்து ஜன்னல்மேல் ஒட்டினால் வேலை முடிந்தது. அந்தத் துண்டில் ஓர் ஈரக்கறையும் ஒரு பல்லியும் இருந்தன. அவற்றை அழிக்கச் சோம்பல். அட்டையில் இரண்டும் இரட்டையாகிவிட்டன.

காலையில் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள். “நீங்க கை வெச்ச வேலை என்னிக்கு உருப்பட்டிருக்கு? வந்து பாருங்க.”

எதிர்வீட்டில் ஜன்னல் இல்லை. வெறும் பழஞ்சுவர், அதில் ஒரே வடிவத்தில் இரண்டு கறைகள். இரண்டு பல்லிகளும் ஒரே நொடியில் வாலை ஆட்டின.

வக்கீல் ஓடிவந்தார். “என் ஜன்னலைத் திருப்பிப் போடுய்யா!”

“பழைய படத்து மேலயே சேவ் பண்ணிட்டேனே.”

“உன்னைச் சும்மா விடமாட்டேன்டா!”

அடுத்த நாவலின் அட்டைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. “கொஞ்சம் அசையாம நில்லுங்க,” என்று கேமராவை எடுத்தேன். பிடிக்காவிட்டால் பிறகு அழித்துக்கொள்ளலாம்.