நன்றிப் பட்டியல்

"என் கட்டுரையோட நன்றிப் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துட்டேன் டாக்டர். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஆராய்ச்சி செய்யும் அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

இருபது வருடம் அவர் சொந்தமாக நடத்திய கிளினிக் அது. ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதே அறையில் இப்போது சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். அப்படிக் கை மாறிய கிளினிக்குகளில் நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்குப் பணம் கொடுப்பதும் அதே நிறுவனம். கேட்க வேண்டுமா!

"என்னம்மா ஆச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்க குடுத்த நோயாளிங்க லிஸ்ட்ல இப்பவும் இங்க வர்றவங்க மட்டும்தான் இருந்தாங்க. ஃபீஸ் கட்ட முடியாம நின்னவங்க, அஞ்சு நிமிஷத்துல விரட்டுறாங்கன்னு போனவங்க, ஒருத்தர்கூட இல்ல. நானும் முட்டாள் மாதிரி 'ஒரு கெடுதலும் இல்லை'ன்னு எழுதிட்டேன். அதைக் காட்டி உங்க கம்பெனிக்காரங்க இன்னும் நாற்பது கிளினிக்கை வளைச்சுப் போடப் பார்த்தாங்க."

"லிஸ்ட் மேலிடத்துலேர்ந்து வந்ததும்மா. அப்படியே குடுத்தேன்."

"ஒப்பந்தம் போட்டு உங்க வாயைக் கட்டியிருக்காங்க, தெரியும். ஜாடையாவது காட்டியிருக்கலாமே?"

டாக்டர் மேஜைமேல் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டி வைத்தார்.

அவள் குரல் தணிந்தது. "நல்லவேளை, மருத்துவ இதழ்ல என் கட்டுரையைச் சரிபார்க்க யாரோ ஒரு டாக்டருக்கு அனுப்பியிருக்காங்க. பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க. 'விட்டுப் போனவங்க எங்கே?'ன்னு கேட்டார். மழுப்பினேன். விடாக்கண்டன், மறுபடி மறுபடி அதையே கேட்டார். எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா! கடைசியில பழைய நோயாளிங்களை வீடு வீடாத் தேடிப் போனேன். மருந்தையே நிறுத்தினவங்க எத்தனை பேர்! இப்ப உண்மை அச்சாகப் போகுது. அந்தப் புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். உங்க பேர் இருந்த எடத்துல அவருக்குத்தான் நன்றி போட்டிருக்கேன்."

"ரொம்ப சரிம்மா" என்றார் டாக்டர்.

அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் டாக்டருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கணினியைத் திறந்தார். அந்த மருத்துவ இதழின் ஆசிரியர் எழுதியிருந்தார்:

"டாக்டர், இந்தக் கட்டுரையை மூன்று முறை சரிபார்த்துத் தந்ததற்கு மிக்க நன்றி. எழுதியவரும் உங்களுக்கு நன்றி சேர்த்திருக்கிறார். கவலை வேண்டாம், நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது."