பிளாஸ்டிக் அரண்மனை

காலண்டரைக்கூட நேராக மாட்டத் தெரியாத நான், மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அவள் கட்டிலுக்கு மேலே சீலிங் முழுக்கப் பூவேலை செய்த பழங்காலத் தகரம் போன்ற பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி முடித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அரண்மனை மாதிரி இல்ல, எழிலு?"

"பாரி அடிச்ச பந்து எங்கங்க?"

இறந்துபோன எங்கள் மகன் பாரியின் பந்து சீலிங்கில் பட்ட அந்தக் கறையை, வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூட அவள் தொடவிட்டதில்லை. அரண்மனை கட்டும் அவசரத்தில் நான் மறந்திருந்தேன்.

அவள் விரல் தயங்காமல் ஒரு தகட்டைக் காட்டியது. ஏணியேறி இழுத்தேன். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. தகட்டின் முதுகில், சிவப்பாக, உருண்டையாக, அதே தடம்.

"மெதுவாப் போடுங்க" என்று படுத்தபடியே இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள்.